ரயிலும் லாரியும் சேர்ந்து சுமக்கும்போது: எந்தச் சரக்குக்கு எந்த ஏற்பாடு?

நெடுந்தூரம் சரக்கு அனுப்புகிறவர்கள் எல்லோரும் எப்போதாவது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கிறார்கள். ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் நகர்த்த ரயிலுக்கு ஆகும் செலவு லாரியைவிடக் குறைவு. ஆகவே நடுவிலுள்ள பெருந்தூரத்தை ரயிலிடம் விட்டுவிட்டு, புறப்படும் இடத்திலும் சேருமிடத்திலும் மட்டும் லாரி வைத்துக்கொள்ளலாம். கணக்கில் பிழையில்லை. ஆனால் நடுவழியில் மிச்சமான பணம் இரண்டு முனைகளிலும் எப்படிக் கரைகிறது என்பதைப் பார்க்காமலேயே பலர் ஒப்பந்தம் போட்டுவிடுகிறார்கள். சில மாதங்களில் "ரயில் நமக்கு ஒத்துவராது" என்று சொல்லி முழுக்க லாரிக்கே திரும்பிவிடுகிறார்கள். நல்ல வாய்ப்பு ஒன்று அவசரத்தில் வீணாவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. அவர்களுக்கு ஒத்துவராமல் போனது பெரும்பாலும் ரயிலை லாரியோடு இணைத்த முறைதான்.

ரயிலின் சிக்கனத்துக்குக் காரணம் எளிது. எஃகுத் தண்டவாளத்தில் எஃகுச் சக்கரம் உருளும்போது ஏற்படும் தடை, தார்ச்சாலையில் ரப்பர் டயருக்கு ஏற்படும் தடையைவிடப் பல மடங்கு குறைவு. தங்கள் சரக்கு ரயில்கள் லாரியைவிட மூன்று, நான்கு மடங்கு எரிபொருள் சிக்கனமானவை என்று அமெரிக்க ரயில் நிறுவனங்கள் சொல்கின்றன. அதோடு, பல டஜன் லாரிகளின் சுமையை ஒரே எஞ்சின் குழு இழுத்துச் செல்கிறது. ஆனால் இந்த ஆதாயம் சக்கரம் உருளும் நேரத்துக்கு மட்டுமே உரியது. சரக்குப் பெட்டி, ரயிலுக்கும் லாரிக்கும் இடையே மாறும் இடமான முனையத்தில் கிரேனுக்காகக் காத்திருக்கும்போதும், காலி லாரி ஒன்று அதை எடுக்க வரும்போதும் ரயிலின் சிக்கனம் எந்த உதவியும் செய்வதில்லை.

வழிகள் என்னென்ன

முழுப் பயணத்தையும் லாரியிலேயே முடிப்பது முதல் வழி. மற்ற எல்லாவற்றையும் இதோடுதான் ஒப்பிட வேண்டும் என்பதால் இதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. லாரி நினைத்த நேரத்தில் புறப்படும், வாசலில் ஏற்றி வாசலில் இறக்கும், வழி அடைபட்டால் வேறு வழி பார்க்கும். சரக்கை ஒருமுறைதான் ஏற்ற வேண்டும், ஒருமுறைதான் இறக்க வேண்டும்.

இரண்டாவது, கண்டெய்னர். பெட்டி லாரியிலிருந்து ரயிலுக்கும் ரயிலிலிருந்து லாரிக்கும் மாறும். உள்ளே இருக்கும் சரக்கை யாரும் தொடுவதில்லை. மூன்றாவது வழியில், இழுக்கும் எஞ்சின் வண்டியை விட்டுவிட்டு டிரெய்லரை மட்டும் ரயிலில் ஏற்றுகிறார்கள். நான்காவது, லாரியை ஓட்டுநரோடு முழுதாக ரயிலில் ஏற்றுவது. ஐந்தாவது பழைய முறை: லாரியில் கொண்டுவந்த சரக்கை ரயில் வேகனில் மாற்றி ஏற்றி, மறுமுனையில் வேகனிலிருந்து மீண்டும் லாரிக்கு மாற்றுவது.

ஐந்தாவதை முதலில் பேசி முடித்துவிடலாம். மூட்டை மூட்டையாகவோ கட்டுக் கட்டாகவோ கைமாறும் சரக்குக்கு இரண்டு தடவை கூடுதலாக ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி ஆகும். உடைசலும் குறைவும் சேரும். ஆனாலும் தானியம், சிமென்ட், எஃகுச் சுருள், மரம் போன்ற கனமான, டன் கணக்கில் விலை குறைந்த பொருள்களுக்கு இது இன்னும் நல்ல வழியே. ஒரு வேகன் 60 டன்னுக்கு மேல் சுமக்கும். அதே சுமைக்கு இரண்டு, மூன்று லாரிகள் வேண்டும். தானியத்தையும் சிமென்டையும் குழாய் வழியாகவோ பட்டைக் கடத்தி வழியாகவோ கொட்டி மாற்ற முடிந்தால் கைமாற்றுச் செலவு மிகவும் குறைந்துவிடும். அட்டைப்பெட்டியில் அடைத்த நுகர்பொருளை இப்படி அனுப்புவதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

கண்டெய்னர்

பெரும்பாலானோர் தேர்ந்தெடுக்க வேண்டியது இதைத்தான் என்பது என் கருத்து. இதன் வரலாற்றிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1956 ஏப்ரல் 26 அன்று 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் 58 பெட்டிகளோடு நியூஆர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. அதை அனுப்பிய மால்கம் மெக்லீன் கப்பல்காரராகத் தொழில் தொடங்கியவர் அல்லர். லாரி நிறுவனம் நடத்தியவர். அமெரிக்க ரயிலில் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கில் ஏற்றிச் செல்லும் வழக்கமான சேவை 1984இல் தொடங்கிய பிறகும், சில ஆண்டுகளுக்கு அதில் கடல்வழிப் பெட்டிகளே அதிகம். 1989இல் ஜே. பி. ஹன்ட் என்ற லாரி நிறுவனம் சான்டா ஃபே ரயில்வேயோடு கைகோத்த பிறகுதான் உள்நாட்டுச் சரக்கு பெருமளவில் தண்டவாளத்துக்கு வந்தது. இரண்டு திருப்பங்களுக்கும் பின்னால் லாரிக்காரர்களே இருந்தார்கள். வாசலில் லாரி காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் யாருடைய பணம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அனுபவம் இல்லாதவர்கள் கண்டெய்னரில் தடுக்கி விழும் இடம் அகலம். 40 அடிப் பெட்டியின் வெளி அகலம் 2.44 மீட்டர், உள்ளே கிடைப்பது ஏறத்தாழ 2.35 மீட்டர்தான். ஐரோப்பாவில் சரக்கு அடுக்கப் புழங்கும் 80 × 120 சென்டிமீட்டர் மரப்பலகைத் தட்டுகளைக் குறுக்கே இரண்டாக வைக்க 2.40 மீட்டர் வேண்டும். அந்த 5 சென்டிமீட்டர் இல்லாததால் சரக்கைக் கோணல் மாணலாக அடுக்க வேண்டியிருக்கிறது. 40 அடிப் பெட்டியில் 24 அல்லது 25 தட்டுகள்தான் அடங்கும். அதே சாலையில் ஓடும் 13.6 மீட்டர் டிரெய்லரில் 33 அடங்கும். பெட்டி வாடகையை டிரெய்லர் வாடகையோடு நேரடியாக ஒப்பிடுகிறவர்கள் இந்த வித்தியாசத்தைத் தவறவிட்டுவிடுகிறார்கள். ஒப்பிட வேண்டியது ஒரு தட்டுக்கு ஆகும் செலவை. கனமான சரக்கானால் ஒரு டன்னுக்கு ஆகும் செலவை.

இதற்குத் தீர்வாகத்தான் ஐரோப்பாவில் உள் அகலம் கூடிய 45 அடிப் பெட்டிகளும், மடக்குக் கால்கள் கொண்ட மாற்றுப் பெட்டிகளும் வந்தன. மாற்றுப் பெட்டி கால்களை நீட்டித் தானாக நிற்கும்; லாரி அடியில் நுழைந்து அதைத் தூக்கிக்கொண்டு போகும். வாசலில் லாரியைக் காக்க வைக்காமல் பெட்டியை மட்டும் விட்டுச் செல்லலாம் என்பது பெரிய வசதி. ஆனால் பெரும்பாலானவற்றை ஒன்றின்மேல் ஒன்று அடுக்க முடியாது; மேலிருந்து தூக்கவும் முடியாது, கீழ்விளிம்பைக் கவ்வும் கைகள் கொண்ட கிரேன் வேண்டும். நீங்கள் அனுப்பவிருக்கும் முனையத்தில் அந்தக் கிரேன் இருக்கிறதா என்பதை முதலில் விசாரியுங்கள்.

எடையும் இருக்கிறது. 40 அடிக் காலிப் பெட்டி ஏறத்தாழ 4 டன். அதைச் சுமக்கும் சட்டகத்தின் எடை தனி. சாலையில் மொத்த எடைக்கு வரம்பு இருப்பதால், பெட்டியின் எடை கூடும் அளவுக்குச் சரக்கின் எடை குறையும். ஐரோப்பிய ஒன்றியம் இந்த இழப்பை ஈடுகட்டவே சாதாரண எல்லை தாண்டிய லாரிக்கு 40 டன் என்ற வரம்பு வைத்திருக்கும்போது, ரயிலோடு இணையும் கண்டெய்னர் லாரிக்கு 44 டன் வரை அனுமதிக்கிறது. உங்கள் பாதையில் அப்படி ஒரு சலுகை இல்லையென்றால், கனச்சரக்குக்காரர் ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு, மூன்று டன்னைக் கைவிட நேரலாம்.

இரட்டை அடுக்கு ரயில் பற்றிய செலவுக் கணக்குகளைப் படித்துவிட்டு அதையே எல்லா இடத்துக்கும் பொருத்தக் கூடாது. உயரப் பெட்டிகள் இரண்டை அடுக்கினால் தண்டவாளத்திலிருந்து 6 மீட்டருக்கு மேல் வந்துவிடும். பாலங்களும் குகைகளும் மின்கம்பிகளும் அதற்கு இடம் விட வேண்டும். வட அமெரிக்காவின் முக்கியப் பாதைகளில் அந்த இடம் இருக்கிறது. இந்தியாவின் மேற்குச் சரக்குப் பாதையில் மின்கம்பியை உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். ஐரோப்பாவின் பழைய குகைப் பாதைகளில் அது நடக்காது.

டிரெய்லரும் முழு லாரியும்

டிரெய்லரை ஏற்றுவதில் உள்ள கவர்ச்சி, லாரிக்காரர் தன் முதலீட்டை மாற்ற வேண்டியதில்லை என்பது. 33 தட்டுகளும் அப்படியே ஏறும், ஏற்றும் பழக்கமும் மாறாது. சிக்கல் தூக்குவதில். கிரேன் கவ்வித் தூக்க வேண்டுமானால் டிரெய்லரின் சட்டகம் அதற்கென்றே வலுவூட்டப்பட்டிருக்க வேண்டும். சாலையில் ஓடும் பெரும்பாலான டிரெய்லர்கள் அப்படிச் செய்யப்பட்டவை அல்ல. இந்தத் தடையைத் தாண்டத்தான் பிரான்சின் லோர் நிறுவனம், நடுப்பகுதி பக்கவாட்டில் திரும்பும் வேகனை உருவாக்கியது. வேகனின் தொட்டி திரும்பி நிற்கும், லாரி அதில் டிரெய்லரைப் பின்னோக்கித் தள்ளி விட்டுவிட்டுப் போகும், தொட்டி மீண்டும் நேராகும். கிரேன் தேவையில்லை. 2003 முதல் பிரான்சின் எய்தோனுக்கும் இத்தாலியின் ஒர்பசானோவுக்கும் இடையே இம்முறை ஓடத் தொடங்கியது. ஆனால் இரண்டு முனையிலும் அதற்கென்றே அமைத்த தளம் வேண்டும். அந்தத் தளங்கள் இருக்கும் ஊர்களுக்கு இடையே மட்டுமே இந்த வசதி உண்டு.

முழு லாரியை ஓட்டுநரோடு ஏற்றுவது பார்க்க எளிமையானது. தளத்தில் ஓட்டி ஏற்ற வேண்டியது, மறுமுனையில் ஓட்டி இறக்க வேண்டியது. ஆனால் ரயில் இழுக்கும் எடையில் பெரும்பங்கு லாரியின் சொந்த எடை. விலை உயர்ந்த எஞ்சின் வண்டியும் சம்பளம் வாங்கும் ஓட்டுநரும் வேலையின்றிப் பயணம் செய்கிறார்கள். உயரத்தைக் குறைக்கச் சிறிய சக்கரங்கள் கொண்ட தாழ்தள வேகன்கள் வேண்டும். அந்தச் சக்கரங்கள் வேகமாகத் தேயும், பராமரிப்புச் செலவு ஏறும்.

சாலை என்ற மாற்றே மோசமாக அல்லது இல்லாமல் இருக்கும் இடத்தில் இது அருமையாக ஓடுகிறது. பிரிட்டனையும் பிரான்சையும் இணைக்கும் கால்வாய்ச் சுரங்கத்தில் 1994 முதல் லாரிகள் ரயிலில் ஏறி 35 நிமிடங்களில் கடக்கின்றன. அங்கே கீழே சாலை கிடையாது. இந்தியாவின் கொங்கண் ரயில்வே 1999இல் இதைத் தொடங்கியது. மலையோரச் சாலையின் வளைவுகளையும் மழைக்காலத்தையும் தவிர்க்க லாரிகள் ரயில் ஏறுகின்றன. ஆனால் நல்ல நெடுஞ்சாலை பக்கத்திலேயே ஓடும் இடத்தில் கதை வேறு. ஜெர்மனியின் ஃப்ரைபுர்க்கிலிருந்து சுவிட்சர்லாந்தைக் கடந்து இத்தாலியின் நொவாராவுக்கு ஓடிய லாரி ரயில், அரசு உதவித்தொகை இருந்தும் தாக்குப்பிடிக்கவில்லை. 2025 இறுதியோடு நிறுத்த அதை நடத்திய நிறுவனம் முடிவெடுத்தது. மலை, கடல், எல்லை என்று கடக்க முடியாத தடை ஒன்று குறுக்கே இல்லாதவரை இந்த வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

கணக்கு எங்கே திரும்புகிறது

எண்களை வைத்துப் பார்த்தால்தான் இது பிடிபடும். பணத்தின் பெயரை விட்டுவிட்டு அலகு என்று வைத்துக்கொள்வோம்; எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை, உங்கள் பாதையின் எண்களை நீங்கள் போட்டுக்கொள்ள வேண்டும். லாரி கிலோமீட்டருக்கு 100 அலகு. ரயில் கிலோமீட்டருக்கு 50. முனையத்தில் ஏற்ற, இறக்க, வைத்திருக்க ஒவ்வொரு பக்கமும் 7,000. முனையத்துக்கும் வாசலுக்கும் 30 கிலோமீட்டர். ஆனால் லாரி ஒரு வழி காலியாக ஓடுவதால் 60 கிலோமீட்டருக்கு நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள். குறுந்தூர லாரிக்குக் காத்திருப்பே அதிகம் என்பதால் கிலோமீட்டருக்கு 150. ஒரு பக்கத்துக்கு 9,000 ஆகிறது. முனையச் செலவையும் சேர்த்து இரண்டு முனைகளையும் கூட்டினால் 32,000.

ரயில் ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் 50 மிச்சம். ஆக, 32,000ஐ ஈடுகட்ட 640 கிலோமீட்டர் ஓட வேண்டும். அதற்குக் கீழே லாரி மலிவு, மேலே ரயில் மலிவு. "500 கிலோமீட்டருக்கு மேல் ரயில்" என்று பலர் சொல்வது இப்படிப்பட்ட கணக்கிலிருந்து பிறந்ததுதான்.

இப்போது ஒரே ஒரு எண்ணை மாற்றிப் பாருங்கள். வாசல் முனையத்திலிருந்து 30க்குப் பதிலாக 80 கிலோமீட்டரில் இருந்தால் முனைச் செலவு 62,000 ஆகிவிடும். ஈடுகட்ட 1,240 கிலோமீட்டர் வேண்டும். மாறாக, 30 கிலோமீட்டர் லாரி காலியாகத் திரும்பாமல் வேறொருவரின் பெட்டியை எடுத்துவந்தால், ஓட்டச் செலவு பாதியாகி, 460 கிலோமீட்டரிலேயே ரயில் லாபம் தரும். ஒரு முனையில் ஆலைக்குள்ளேயே தண்டவாளம் வந்தாலும் இதே 460தான் வருகிறது. தண்டவாளம் போடுவது பெருஞ்செலவு, பல ஆண்டு அனுமதி. காலி லாரிக்கு ரிட்டர்ன் லோடு பிடிப்பது ஒரு தொலைபேசி அழைப்பில் தொடங்குகிற வேலை. எதை முதலில் முயல வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டியதில்லை.

இன்னொரு எண் இருக்கிறது, எல்லாவற்றையும்விட வலியது. லாரிச் சந்தையில் எல்லாத் திசைக்கும் ஒரே வாடகை கிடையாது. சரக்கு அதிகம் வரும், குறைவாகப் போகும் ஊரிலிருந்து திரும்பும் லாரி, காலியாகப் போவதற்குப் பதிலாக, குறைந்த வாடகைக்கே சுமக்கச் சம்மதிக்கும். அந்தத் திசையில் லாரி 70 அலகுக்குக் கிடைத்தால் மேலே சொன்ன 640, ஒரே தாவலில் 1,600 ஆகிவிடும். போகும் திசைக்கு ரயில் லாபம், திரும்பும் திசைக்கு லாரி லாபம் என்று ஒரே பாதையில் இரண்டு விடைகள் வரலாம். அதில் தவறில்லை, ஆனால் பெட்டி மறுமுனையில் காலியாக நின்றுவிடும், அதைத் திருப்பிக் கொண்டுவரும் செலவு யார் தலையில் விழுகிறது என்பதை ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

துறைமுகச் சரக்குக்கு இந்தக் கணக்கு முழுவதும் இளகிவிடும். கப்பலிலிருந்து இறங்கும் பெட்டியை எப்படியும் கிரேன் தூக்கத்தான் வேண்டும். அதை லாரிக்குப் பதில் வேகனில் வைத்தால் ஒரு முனையின் செலவு ஏறத்தாழ மறைந்துவிடுகிறது. எனவேதான் துறைமுகத்திலிருந்து உள்நாட்டு முனையத்துக்குப் போகும் ரயில்கள் குறைந்த தூரத்திலும் பிழைக்கின்றன. சுவிட்சர்லாந்தில் வேறு காரணம்: அங்கே இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை கனரக லாரிகள் ஓடக் கூடாது, சாலையில் ஓடிய தூரத்துக்கும் எடைக்கும் ஏற்ப 2001 முதல் கட்டணமும் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் நாட்டின் சிறிய தூரத்துக்குள்ளேயே ரயில் வேலை செய்கிறது. தூரம் ஒன்றை மட்டும் வைத்து முடிவு சொல்லிவிட முடியாது.

நேரமும் நம்பகமும்

லாரி வேகமானது என்ற எண்ணத்துக்கு ஒரு எல்லை இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி ஓட்டுநர் நாளொன்றுக்கு 9 மணி நேரம் ஓட்டலாம், நான்கரை மணி நேரத்துக்குப் பின் 45 நிமிட இடைவேளை, பிறகு வழக்கமாக 11 மணி நேர ஓய்வு. அமெரிக்காவில் 11 மணி நேரம் ஓட்டி, 10 மணி நேரம் ஓய்வு. ஆக, 1,000 கிலோமீட்டர் பயணம் ஒற்றை ஓட்டுநருக்கு இரண்டாம் நாளுக்குள் போய்விடும். ரயில் இரவெல்லாம் ஓடும். மாலையில் புறப்பட்டு மறுநாள் காலையில் சேரும் சேவை இருந்தால் ரயில் லாரிக்குச் சமமாகவே வரும்.

இதை அனுபவிக்க வேண்டுமானால் பெட்டியை முனையத்தில் ஒப்படைக்கும் கடைசி நேரத்தைப் பிடித்தாக வேண்டும். மாலை 6 மணிக்கு வாயில் மூடினால், உங்கள் கிடங்கில் 4 மணிக்கே ஏற்றி முடித்து சீல் வைத்திருக்க வேண்டும். லாரிக்கு ஏற்றும்போது ஒரு மணி நேரம் தாமதித்தால் ஒரு மணி நேரம் போகும். ரயிலுக்கு ஒரு மணி நேரம் தாமதித்தால் ஒரு நாள் போகும், வாரத்துக்கு மூன்று சேவை மட்டும் உள்ள பாதையில் இரண்டு நாள் போகும். எனவே ரயில் வாங்குவதற்கு முன் உங்கள் கிடங்கின் ஒழுங்கைப் பார்க்க வேண்டும். கடைசி நேரத்தில்தான் ஆர்டர் உறுதியாகும் தொழிலுக்கு, எவ்வளவு மலிவாக இருந்தாலும், ரயில் தலைவலியையே தரும்.

பிறகு, பாதையே அடைபடும் ஆபத்து. 2017 ஆகஸ்டில் ஜெர்மனியின் ராஸ்டாட் அருகே சுரங்கப்பாதை தோண்டும் பணியின்போது தண்டவாளம் தாழ்ந்து, ரைன் பள்ளத்தாக்கின் முக்கியப் பாதை அக்டோபர் 2 வரை மூடப்பட்டது. 2023 ஆகஸ்ட் 10 அன்று சுவிட்சர்லாந்தின் 57 கிலோமீட்டர் நீளமுள்ள கோத்தார்ட் அடிவார ரயில் சுரங்கத்தில், சக்கரம் உடைந்து ஒரு சரக்கு ரயில் தடம்புரண்டது. சுரங்கம் முழுமையாக இயங்க 2024 செப்டம்பர் ஆகிவிட்டது. அதே 2023 ஆகஸ்ட் மாதத்தின் 27ஆம் தேதி பிரான்சின் மோரியன் பள்ளத்தாக்கில் பாறை சரிந்து, இத்தாலிக்குப் போகும் ரயில் பாதை 2025 மார்ச் இறுதிவரை மூடிக்கிடந்தது. மேலே சொன்ன எய்தோன்–ஒர்பசானோ சேவை ஓடிய பாதை அதுதான். ஆல்ப்ஸ் மலையைக் கடக்கும் இரண்டு முக்கியப் பாதைகள் ஒரே மாதத்தில் பழுதடைந்தன. சாலைக்கு ஒரு பாலம் போனால் சுற்றுவழி கிடைக்கும். ரயிலுக்குச் சுற்றுவழி இருந்தாலும் அங்கே உயரமான பெட்டி நுழையுமா, அந்தப் பாதை தெரிந்த ஓட்டுநர் இருக்கிறாரா, காலி நேரம் இருக்கிறதா என்று மூன்று கேள்விகள் நிற்கும்.

இதற்காக ரயிலை ஒதுக்கச் சொல்லவில்லை. ஒரு பாதையின் சரக்கு முழுவதையும் அதில் போடாதீர்கள் என்கிறேன். வாரத்தில் பத்து லோடு போகிற இடத்தில் ஏழு லோடை ரயிலுக்கும் மூன்றை லாரிக்கும் கொடுத்து வைத்தால், ரயில் நின்றுபோகும் நாளில் உங்களைத் தெரிந்த லாரிக்காரர் ஒருவராவது இருப்பார். நல்ல காலத்தில் ஒரு லோடும் கொடுக்காதவருக்கு நெருக்கடியில் அவர் வண்டி ஒதுக்குவார் என்று எதிர்பார்க்க முடியாது.

பெட்டிக்குள்ளே

விலைப்பட்டியலில் வராத செலவு ஒன்று உண்டு: சரக்கை அசையாமல் கட்டுவது. லாரியில் சரக்கைப் பெரும்பாலும் முன்பக்கமாகத்தான் தாங்குவார்கள், ஏனென்றால் பிரேக் பிடித்தால் சரக்கு முன்னே பாயும். சரக்குப் பெட்டிகளைக் கட்டுவதற்கான சர்வதேச வழிகாட்டு நெறிகள், சாலையில் முன்னோக்கிச் சரக்கு எடையின் 0.8 பங்கு விசையையும் பின்னோக்கி 0.5 பங்கையும் தாங்கக் கட்டச் சொல்கின்றன. லாரியிலிருந்து மாறிய கண்டெய்னர்களைச் சுமக்கும் ரயிலில் இரு திசையிலும் 0.5 போதும். ஆனால் வேகன்களை மோதி இணைக்கும் ஷண்டிங் நடக்கும் பாதை என்றால் இரு திசையிலும் விசை இதைவிட மிக அதிகமாகலாம். கதவுப் பக்கம் எதையும் தாங்கவைக்காமல் லாரிப் பழக்கத்தில் ஏற்றிய பெட்டி, ஷண்டிங் யார்டைக் கடந்ததும் கதவைத் திறந்தால் சரக்கு வெளியே விழும். கேட்க வேண்டிய கேள்வி எளிது: என் பெட்டி முனையத்திலிருந்து முனையத்துக்கு ஒரே ரயிலாகப் போகிறதா, நடுவில் பிரித்து இணைக்கப்படுகிறதா? முதலாவது என்றால் பெல்ட்டும் காற்றுப்பையும் போதும். இரண்டாவது என்றால் மரச்சட்டம் அடிக்க வேண்டியிருக்கும். கண்ணாடி, பீங்கான், பீப்பாய் அனுப்புகிறவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்காமல் ஒருபோதும் அனுப்பக் கூடாது.

சேதம் வந்தால் யார் பொறுப்பு என்பதும் மாறுகிறது. ஐரோப்பாவிலும் அதைச் சுற்றியும் எல்லை தாண்டிய சாலைப் போக்குவரத்துக்கான உடன்படிக்கை கிலோவுக்கு 8.33 சிறப்பு எடுப்பு உரிமை அலகுகளை (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு) இழப்பீட்டு வரம்பாக வைத்திருக்கிறது; ரயிலுக்கான விதிகள் 17 வைத்திருக்கின்றன. எந்தக் கட்டத்தில் சேதம் நேர்ந்தது என்று தெரியாவிட்டால் வழக்கு நீளும். பல வகைப் போக்குவரத்துக்கும் ஒரே சட்டம் வேண்டும் என்று 1980இல் ஐக்கிய நாடுகள் சபையில் உருவான உடன்படிக்கை இன்றுவரை நடைமுறைக்கே வரவில்லை. ஆகவே முழுப் பயணத்துக்கும் ஒருவரே பொறுப்பேற்கும் ஒப்பந்தமும், ஒவ்வொரு கைமாற்றத்திலும் சீல் எண்ணைப் பதிவுசெய்வதும் அவசியம்.

புகை குறைவதைப் பற்றி: மின்சார ரயிலில் நீண்ட தூரம், முழுச்சுமை, முனைகள் குறுகியவை என்றால் குறைப்பு மிகப் பெரியது, இதை நான் மனமார ஆதரிக்கிறேன். ஆனால் 80 கிலோமீட்டர் காலி லாரி இரு பக்கமும் ஓடினால் அந்தப் பெருமையில் பாதியைச் சாலையே தின்றுவிடும். வாடிக்கையாளருக்குக் கணக்குக் காட்டுவதென்றால் 2023இல் வந்த ஐ.எஸ்.ஓ. 14083 தரப்படி முனை லாரிகளையும் காலி ஓட்டத்தையும் சேர்த்தே காட்டுங்கள்.

யாருக்கு எது

வாரந்தோறும் ஒரே இரண்டு இடங்களுக்கு இடையே சீராகச் சரக்குப் போகிறது, முனையம் இரு பக்கமும் அருகில், ஒரு நாள் முன்னதாகத் திட்டமிட முடியும்: கண்டெய்னரை எடுங்கள், தட்டு கணக்கு இடித்தால் அகலப் பெட்டியை எடுங்கள். சரக்கு அதே போன்றது, ஆனால் உங்கள் லாரிக்காரரிடம் தூக்கக்கூடிய டிரெய்லர் ஏற்கெனவே இருக்கிறது, பாதையில் அதற்கான முனையமும் இருக்கிறது: டிரெய்லரே நல்லது, பெட்டிக்கு மாறப் புதுச் செலவு வேண்டாம். சரக்கு சிதறலாகப் பல ஊர்களுக்குப் போகிறது, ஆர்டர் மதியம் வந்து இரவே புறப்பட வேண்டும்: லாரியிலேயே இருங்கள், ரயில் மலிவு என்று யார் சொன்னாலும் அது உங்களுக்கான மலிவு அன்று. குளிர்பதனச் சரக்குக்கு ஒரு நிபந்தனை: முனையத்திலும் ரயிலிலும் மின்சாரம் எங்கிருந்து வருகிறது, நடுவில் யார் வெப்பநிலையைப் பார்க்கிறார்கள் என்பதற்கு எழுத்தில் பதில் கிடைக்காதவரை அனுப்ப வேண்டாம்.

மாறுவதென்று முடிவானால் ஒரே ஒரு பாதையில், ஒரு திசையில், எளிதில் சேதமடையாத சரக்கில் தொடங்குங்கள். முதல் மாதம் முழுவதும் ஒவ்வொரு பெட்டிக்கும் நான்கு நேரங்களை எழுதி வையுங்கள்: கிடங்கை விட்டது, முனைய வாயிலில் நுழைந்தது, மறுமுனையில் எடுக்கத் தயாரானது, வாடிக்கையாளர் வாசலில் நின்றது. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையிலான நேரம் ரயில்காரருடையது. மற்றவை உங்கள் கையிலும் லாரிக்காரர் கையிலும் இருப்பவை. வீண் நேரம் எங்கே சேர்கிறது என்று அந்தத் தாள் சொல்லிவிடும். முனையத்தில் எத்தனை நாள் கட்டணமின்றிப் பெட்டியை வைத்திருக்கலாம், டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் எப்போது தொடங்கும் என்பதையும் அதன் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

கையெழுத்திடும் முன் கேட்க வேண்டிய கடைசிக் கேள்வி: ரயில் ரத்தானால் என் பெட்டியை யார், எத்தனை மணி நேரத்துக்குள், யார் செலவில் லாரியில் அனுப்புவார்கள்? "பார்த்துக்கொள்ளலாம்" என்ற பதிலை ஏற்காதீர்கள். அது எழுத்தில் வந்த பிறகு முதல் பெட்டிக்கு புக்கிங் போடலாம்.